ஜன்னல் எண் இரண்டு

"இழுய்யா! ரெண்டாம் ஜன்னல் திரையை இழு! ஜீப்புச் சத்தம் கேக்குது!"

கருப்பணன் இழுத்தார். திரை நகரவில்லை. இன்னும் ஓர் இழுப்பு. இந்த முறை கம்பியே கையோடு வந்துவிட்டது. பித்தளை வளையங்கள் ஏழும் சிமெண்டுத் தரையில் விழுந்து திசைக்கொன்றாக உருண்டன.

"கெடுத்தியே குடியை!" என்றார் அசிஸ்டெண்ட் இன்ஜினியர் ராயப்பராஜ். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டையோடு மேஜைக்கு அடியில் நுழைந்தார். மூன்று வளையங்கள் கிடைத்தன. நான்கு கிடைக்கவில்லை. ஜீப்பு தெருமுனையில் திரும்பி, எருமை ஒன்றைப் பார்த்து ஹாரன் அடித்தது.

இந்த அமளியில் ட்ரேசர் பொன்னுத்துரை மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அந்த மாடி அறையின் மேற்குச் சுவரில் இன்னொரு ஜன்னல் இருந்தது. காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று கொத்தனார் வைத்த நிஜமான ஜன்னல். அதன் கண்ணாடிக் கதவுகளைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, கண்ணாடி முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டி, அதற்கும் மேல் தன் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார் அவர். பசை இன்னும் காயவில்லை. சட்டையில் பிசுபிசுத்தது. "எந்த ஜன்னல் வேணும்னாலும் தொறக்கட்டும் பெருமாளே, இது மட்டும் தொறக்கக்கூடாது" என்று தாடிக்கொம்புப் பெருமாளிடம் மனசுக்குள் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஏன் என்கிறீர்களா? பொறுங்கள். அரசாங்க ஆபீசில் எதற்கும் ஒரு முறை இருக்கிறது.

உலகத்துக்குத் திண்டுக்கல் அளித்த கொடைகளைச் சொல்ல வருகிறவர்கள் பூட்டைச் சொல்வார்கள், புகையிலையைச் சொல்வார்கள், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். மாபெரும் அநியாயம். மூன்றாவது கொடை ஒன்று உண்டு. மாதிரிச் சோதனைத் தனி உபகோட்டம் என்ற ஆபீசில், 1961-ஆம் வருஷம் புரட்டாசி மாதம் பூரண வடிவம் பெற்ற 'காட்சிச் சட்டகம்'தான் அது. கண்டுபிடித்தவர், இப்போது மேஜைக்கு அடியில் இருக்கிறாரே, அவர்தான்.

உபகோட்டத்தின் வேலை மகத்தானது. ஒரு குளத்தின் கலிங்கை, அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் அந்தக் கல் வாய்க்கட்டை, உயர்த்தலாமா கூடாதா என்று நிஜக் குளத்தில் வெள்ளம் விட்டுப் பார்க்க முடியாது. ஆகவே ஆபீஸ் கொல்லையில் நாற்பதில் ஒரு பங்கு அளவில் களிமண்ணால் ஒரு குட்டிக் குளம் கட்டுவது. அதில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் 'பொய் வெள்ளம்' உண்டாக்குவது. மழை எவ்வளவு, குளத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, கலிங்கில் எவ்வளவு வழிந்தது என்று அளந்து கிராஃப் காகிதத்தில் கோடு போடுவது. கோடு நல்லபடியாக இருந்தால் கலிங்கு உயரும். கோடு கோணினால் ஃபைல் கோணும்.

கோடுகளை மேலதிகாரிகளுக்குக் காட்டுவதற்குத்தான் காட்சிச் சட்டகம். ஓர் ஆள் உயரத் தேக்குச் சட்டத்தில் மூன்று கண்ணாடி ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் வேடசந்தூர் மில்லில் கழித்துப்போட்ட இரண்டு மர உருளைகள். நீளமான கிராஃப் சுருள் ஓர் உருளையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும். பக்கத்தில் கைப்பிடி. சுற்றினால் கோடு நகரும். முன்னால் பச்சைத் திரை. ஒன்றாம் ஜன்னல் மழை. இரண்டாம் ஜன்னல் குளத்து நீர்மட்டம். மூன்றாம் ஜன்னல் கலிங்கில் வழிந்தது.

இதை இயக்குவதற்கு ராயப்பராஜ் பதினான்கு விதிகள் எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து, சுவரில் ஒட்டியிருந்தார். முழுக் கோட்டையும் ஒருபோதும் காட்டாதே. பாதியைக் காட்டினால் மீதியைப் பார்ப்பவர் மனசே போட்டுக்கொள்ளும் என்றது ஒரு விதி. கோடு செங்குத்தாக இருந்தால் கோட்டை மாற்றாதே, பக்கத்தில் உள்ள அளவை மாற்று என்றது இன்னொன்று. அழிக்க முடியாததை உருளையில் சுருட்டு என்பது ஐந்தாம் விதி. அதிகாரி கேள்வி கேட்டால் வேறொரு ஜன்னலைத் திற என்பது ஒன்பதாம் விதி. சைகை ஒன்றும் உண்டு. ராயப்பராஜ் ஒரு தடவை இருமினால் கருப்பணன் கைப்பிடியைச் சுற்றவேண்டும். இரண்டு தடவை இருமினால் திரையை மூடவேண்டும்.

குறை சொல்லவே முடியாத ஏற்பாடு. வெள்ளம் ஒன்றுதான் குறை.

குட்டிக் குளத்தில் ஒரு பொய் வெள்ளம் வர அறுபது குடம் தண்ணீர் வேண்டும். திண்டுக்கல்லில் நிஜக் குடிநீரே எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. கருப்பணன் நான்கு குடத்தோடு தெருக்குழாய் வரிசையில் போய் நின்றபோது, வரிசைக்குத் தலைவியான சுந்தரம்மாள் ஒரே கேள்விதான் கேட்டார். "ஏப்பா, எங்க புள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, ஒங்க ஆபீசுக்கு வெள்ளம் கேக்குதாக்கும்?" கருப்பணன் திரும்பி வந்தபோது குடம் மூன்றுதான் இருந்தது. நாலாவது அந்த அம்மாளிடம் 'விசாரணைக்காக' வைக்கப்பட்டது.

ஒரே ஒரு தடவை பதினைந்து குடம் சேர்த்து ஊற்றினார்கள். காய்ந்து வெடித்திருந்த களிமண் அதை 'மடக் மடக்' என்று குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தது. 'வெள்ளம் கரையைத் தொடவே இல்லை. குளம் மிகவும் பாதுகாப்பானது' என்று பதிவேட்டில் எழுதினார் ராயப்பராஜ். அதன் பிறகு குளத்தில் கருப்பணனின் கோழி அடைகாத்தது. இரண்டாம் ஜன்னல் 'பராமரிப்பில்' இருந்தது. இரண்டு வருஷமாக.

இதில் பொன்னுத்துரைக்கு என்ன என்றால், அவருக்கு மட்டும்தான் எல்லாமே.

சோதனையில் இருந்த குளம் அகரத்துச் செவந்தான்குளம். கலிங்கை இரண்டடி உயர்த்தினால் இன்னொரு போகம் விளையும் என்று மூன்று வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தவர் அகரம் நாச்சிமுத்து. நாலு ஏக்கர் பாசனக்காரர். மனு நகராததைப் பார்த்து ஒரு யோசனை செய்தார். கலிங்கு ஆபீசிலேயே மாப்பிள்ளை எடுத்தால்? வைகாசியில் தன் மகள் கண்ணம்மாளைப் பொன்னுத்துரைக்குக் கட்டிவைத்தார். ஆனி போயிற்று. கலிங்கு வரவில்லை. ஆடி பிறந்தது. புதுப் பெண்ணை ஆடிக்கு அழைத்துப்போவது ஊர் வழக்கம்தானே? வேட்டியும் சீருமாக வந்து அழைத்துப்போனார். ஆவணி முதல் தேதி திருப்பி அனுப்புவதும் ஊர் வழக்கம்தான். அதை நாச்சிமுத்து மறந்துவிட்டார்.

பொன்னுத்துரை ஆவணியில் போய்க் கேட்டார்.

"மாமா, ஆடி முடிஞ்சிருச்சு."

"முடியட்டும் மாப்ளே."

"கண்ணம்மாளைக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு..."

"தாராளமா. கலிங்கு உத்தரவைக் கொண்டாங்க, பொண்ணைக் கொண்டுபோங்க. மூணு வருசமா நான் காத்திருக்கேன். நீங்க மூணு மாசம் காத்திருந்தா ஆகாதா?"

வாசல் நிலைக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் மட்டும் ஒரு தூக்குவாளி நிறையக் கிடைத்தது.

இப்படியே புரட்டாசி பாதி ஆயிற்று. தலைதீபாவளி வேறு நெருங்கியது. அந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து தபால் வந்தது. பெரிய இன்ஜினியர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வருகிறார். பாசனக்காரர்கள் முன்னிலையில் சோதனை முடிவைப் பார்வையிடுவார். கடைசி வரியில் அடிக்கோடு: 'முக்கியமாக ஜன்னல் எண் இரண்டு.'

புதன்கிழமை மத்தியானம் ராயப்பராஜ் கட்டளையிட்டார். "நாளைக்குக் காலையில நீர்மட்டக் கோடு வேணும்."

"அளவு குடுங்க சார், போட்டுர்றேன்."

"அளவா? கோடு கேட்டா அளவு கேக்குற? ஏறணும், நிக்கணும், எறங்கணும். அம்புட்டுத்தான் வெள்ளம்."

பொன்னுத்துரை ஒன்று போட்டுக் காட்டினார்.

"என்னய்யா இது, ஊசிக் கோபுரம் மாதிரி? பெரியவர் பயந்துருவாரு."

இன்னொன்று போட்டார்.

"இது கவுத்துப்போட்ட சட்டி."

மூன்றாவதை ராயப்பராஜ் வெகுநேரம் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. அதுதான் தப்பு. மனுசன் போட்டதுன்னு பார்த்தவுடனே தெரியுது. வெள்ளத்தை மனுசனா போடுறான்? கோட்டுல இயற்கையோட கை தெரியணும்யா."

"இயற்கையோட கைக்கு நான் எங்க சார் போவேன்?"

"அது ஒன் பாடு. பெரியவர் கையெழுத்துப் போட்டா ஒன் மாமனார் கலிங்கு ஒசரும். போடலேன்னா ஃபைலு திரும்ப ஒண்ணாம் பக்கத்துல இருந்து. இன்னும் மூணு வருசம்."

மூன்று வருஷம்! பொன்னுத்துரைக்குத் தூக்குவாளி தூக்குவாளியாகக் கண்முன் வந்தது.

ட்ரேசர் என்பவர் யார்? இன்னொருவர் வரைந்த படத்தின்மேல் மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரிகிற கோட்டை அப்படியே மேலே எடுப்பவர். அவ்வளவுதான். ஏழு வருஷ உத்தியோகத்தில் அன்று வரை பொன்னுத்துரை சொந்தமாக ஒரு கோடு போட்டதில்லை. அடியில் ஒன்று இருந்தால் அவர் கை மயிரிழை பிசகாது. அடியில் ஒன்றும் இல்லையென்றால் கை நின்றுவிடும். அன்றைக்கு நின்றுவிட்டது. எல்லோரும் போன பிறகும் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். மேற்கே வெயில் சாய்ந்தது. ஐந்தரை மணிக்குச் சட்டென்று எழுந்தார். அதற்குப் பிறகு இருபது நிமிஷம் அந்த அறையில் நடந்தது ஆபீஸ் ரகசியம். நாமும் ரகசியக் காப்புக்குக் கட்டுப்பட்டவர்கள்.

காலையில் ராயப்பராஜ் கோட்டைப் பார்த்தார். மெல்ல ஏறி, திடுமென்று நிமிர்ந்து, மேலே நீளமாகத் தலையணை போட்டதுபோல் நின்று, மறுபக்கம் செங்குத்தாகச் சரிகிற கோடு. மனிதக் கை போடாத சின்னச் சின்ன நெளிவுகள் அதில் இருந்தன.

"அடேயப்பா! எங்கய்யா புடிச்ச?"

"வந்துச்சு சார்."

"இயற்கை! சாட்சாத் இயற்கை! ஆமா, உச்சியில இது என்ன, குட்டியா ஒரு மேடு?"

"அது... இருந்துச்சு சார்."

"எங்க இருந்துச்சு?"

"கோட்டுல."

மெழுகுத் துணியில் மையைச் சுரண்டினால் தழும்பு விழும். நேரமும் இல்லை. ஐந்தாம் விதி கைகொடுத்தது. மேடு ஜன்னலுக்கு வெளியே, உருளைக்குள் போகும்படி சுருட்டி வைத்தார்கள். ஏறுகிற பாதி மட்டும் கண்ணாடியில் நின்றது. பழுப்புத் தாள் எதற்கு என்று ராயப்பராஜ் கேட்டார். "வெளிச்சம் பட்டா மை வெளுத்துரும் சார்" என்றார் பொன்னுத்துரை. அதைப் பதினைந்தாம் விதியாகச் சேர்க்கச் சொன்னார் ராயப்பராஜ்.

நிற்க. ஜீப்பு வந்துவிட்டது.

ராயப்பராஜ் மாலையோடு படியிறங்கி ஓடினார். அதே படியில் நாச்சிமுத்து ஏறி வந்தார். பின்னால் அகரத்துப் பாசனக்காரர் நான்கு பேர். அவர்களுக்கும் பின்னால், கையில் தூக்குவாளியோடு கண்ணம்மாள். பொன்னுத்துரைக்குப் பெருமாளே படியேறி வந்ததுபோல் இருந்தது.

"எளச்சுப் போயிட்டீகளே" என்றாள் அவள்.

"ஆபீசுல வெள்ளம்."

"சொன்னாக, சொன்னாக." அவள் அறையைப் பார்த்தாள். கையில் கம்பியோடு கருப்பணன் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்தாள். தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளில் நான்கைக் கழற்றினாள். "இந்தாங்கண்ணே, இதுல மாட்டுங்க."

அரை நிமிஷத்தில் இரண்டாம் ஜன்னல் திரை, மூன்று வளையத்திலும் நாலு ஊக்கிலும் கம்பீரமாகத் தொங்கியது. தொழில்நுட்ப வரலாற்றில் கண்ணம்மாளின் பெயர் இல்லை. இருக்கவேண்டும்.

"அப்பாடி, என்ன புழுக்கம்! அந்தச் சன்னலைத் தொறங்களேன்."

"வேணாம்!"

"ஏன்?"

"விதி இல்ல."

"காத்து வாரதுக்குமா?" அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர் முதுகை இன்னும் அழுத்தமாக ஒட்டினார்.

பெரிய இன்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர். தடித்த கண்ணாடி. மாலையைக் கழற்றிக் கருப்பணன் கழுத்திலேயே போட்டுவிட்டு நேராகச் சட்டகத்துக்கு முன்னால் நின்றார். "ம்."

ஒன்றாம் ஜன்னல் திறந்தது. மழைக் கோடு.

"இது எந்த வருஷத்து மழை?"

ராயப்பராஜ் அதை மூடி, மூன்றாம் ஜன்னலைத் திறந்தார்.

"சரி, வழிஞ்ச தண்ணியை எதால அளந்தீங்க?"

ராயப்பராஜ் அதையும் மூடி, மறுபடி ஒன்றாம் ஜன்னலைத் திறந்தார்.

பெரிய இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்டர் ராயப்பராஜ், நான் கேக்கக் கேக்க ஜன்னலாத் தொறக்குறீங்க. வாயைத் தொறக்க மாட்டேங்கிறீங்களே?"

"சார், இரண்டாம் ஜன்னல்!" என்றார் ராயப்பராஜ். திரை விலகியது.

பெரிய இன்ஜினியர் குனிந்தார். ஏறுகிற கோட்டைப் பார்த்தார். நெருங்கினார். மூக்கு கண்ணாடியைத் தொட்டது. நாச்சிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மகளைப் பார்த்தார். மகள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தார்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லவேண்டும். உபகோட்டம் இருந்தது ஒரு புகையிலைக் கிட்டங்கியின் மாடியில். அங்கே இருப்பவர்களுக்கு மூக்கு பழகிவிட்டது. புதியவர்களுக்குப் பத்து நிமிஷம் ஆகும். இப்போது பதினோராவது நிமிஷம்.

பெரிய இன்ஜினியர் இருமினார்.

கருப்பணன் விசுவாசமான சேவகர். இருமல் வந்தால் சுற்றவேண்டும். யார் இருமல் என்று விதியில் இல்லை. சுற்றினார். கோடு நகர்ந்தது.

"இருங்க, யாரு அது..." மறுபடியும் இருமல். மறுபடியும் சுற்று. கோடு உச்சிக்கு ஏறியது. ராயப்பராஜ் பதறிப்போய்க் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். கருப்பணன் இருமலை மட்டுமே நம்பினார். மூன்றாவது இருமல் நீளமாக வந்தது. சுற்று முழுதாக விழுந்தது. ஐந்தாம் விதிப்படி புதைக்கப்பட்டிருந்த அந்தக் குட்டி மேடு, ஜன்னலின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது.

"நிறுத்துங்க!" என்றார் பெரிய இன்ஜினியர்.

நின்றது. பொன்னுத்துரையின் மூச்சும்தான்.

"இது என்ன?"

ஒன்பதாம் விதிக்கு இனி ஜன்னல் பாக்கி இல்லை. எல்லாம் திறந்தாயிற்று. ராயப்பராஜின் உதடு அசைந்தது. "அது... அது வந்து சார்... எதிரலை."

"எதிரலை?"

"வெள்ளம் கலிங்குல மோதித் திரும்பி... உச்சியில ஒரு தடவை... எழும்பி..."

பெரிய இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரோ என்று பயந்தார்கள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். புகையிலைக் காரம் பாதி, ஆனந்தம் பாதி.

"இருபது வருஷமாச் சொல்றேன்! உச்ச வெள்ளத்துல ஓர் எதிரலை இருக்கணும்னு இருபது வருஷமா எழுதுறேன். மெட்ராஸ்ல ஒருத்தன் நம்பலை. சிரிச்சாங்க. திண்டுக்கல்ல, ஒரு மாடியில, ஒரு ட்ரேசர் கோட்டுல அது நிக்குது!" அவர் பொன்னுத்துரையின் பக்கம் திரும்பினார். "நீதானே போட்டது? எப்படிப் போட்ட?"

"அடியில இருந்ததை அப்படியே எடுத்தேன் சார்" என்றார் பொன்னுத்துரை. அன்று அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

"நேர்மை! இதைத்தான் எதிர்பார்க்கிறேன்!" மறுபடி இருமல். கருப்பணன் கைப்பிடியைத் தொட்டார். ராயப்பராஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன நெடிப்பா இது! அந்த ஜன்னலைத் தொறங்கப்பா, காத்து வரட்டும்."

அறையில் இருந்த ஒன்பது பேரும் பொன்னுத்துரையின் முதுகை நோக்கித் திரும்பினார்கள்.

கலிங்கும் கண்ணம்மாளும் தலைதீபாவளியும் ஒரு தாழ்ப்பாளில் தொங்கின. இரண்டு கதவு விலகினால் போதும். கோடு ஒரு பக்கம், அது மறுபக்கம்!

"சார், வேணாம் சார்!" பொன்னுத்துரை கையை விரித்துக் கதவை மறைத்தார். "இந்தச் சன்னலுக்கு நேர் கீழதான் சார் புகையிலை உதறுறாங்க. தொறந்தா அம்புட்டும் உள்ளே வந்துரும்."

"ஓ! நல்லவேளை சொன்ன." பெரிய இன்ஜினியர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஃபைலைக் குடுங்க. கீழே போய்த்தான் மூச்சு விடணும்."

கையெழுத்து விழுந்தது. ராயப்பராஜ் உத்தரவை உரக்கப் படித்தார். "செவந்தான்குளம் கலிங்கு, புள்ளி ஆறு மீட்டர் உயர்த்த அனுமதி."

"எசமான்!" நாச்சிமுத்து முன்னால் வந்தார். "நான் கேட்டது ரெண்டு. மூணு வருசம் நடையா நடந்து, கடைசியில ஒண்ணுகூட இல்லாம, புள்ளி ஆறா?"

"அது மீட்டர் கணக்கு பெரியவரே. இனிமே அடி கெடையாது" என்றார் ராயப்பராஜ்.

"அடி இல்லையா? அப்ப எங்க ஊருல வரப்புச் சண்டையெல்லாம் எப்படி நடக்கும்?"

"மாமா, ரெண்டடியும் புள்ளி ஆறும் ஒண்ணுதான்" என்று பொன்னுத்துரை இருந்த இடத்திலிருந்தே சொன்னார். "ஒரு நெல்லுமணி நீளம் கம்மி. அம்புட்டுத்தான்."

நாச்சிமுத்து அந்த நெல்மணியை மனசுக்குள் நாலு ஏக்கருக்கும் பரப்பிப் பார்த்தார். போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். "சரி மாப்ளே. சொன்ன சொல்லு சொல்லுதான். பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போங்க. தீபாவளிக்கு முதநா ரெண்டு பேரும் ஊருக்கு வந்துருங்க."

தூக்குவாளி மேஜைமேல் 'ணங்' என்று உட்கார்ந்தது. கண்ணம்மாள் வைத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

படியில் இறங்குமுன் பெரிய இன்ஜினியர் திரும்பினார். தேசத்துக்கு நன்மை தரும் யோசனைகள் அதிகாரிகளுக்குப் படியில்தான் தோன்றும்.

"மிஸ்டர் ராயப்பராஜ், ஊருக்கு ஊர் களிமண் குழைச்சு, தண்ணி ஊத்தி... எத்தனை வீண் வேலை! வெள்ளம்னா வெள்ளம்தானே? எதிரலையோட முழு வெள்ளக் கோடு நம்ம கையில இருக்கு. இனி நம்ம சரகத்துல எந்தக் குளத்துக்கும் தனிச் சோதனை வேண்டாம். நாற்பத்திரண்டு ஆபீசுக்கும் இதை நகல் எடுத்து அனுப்புங்க. இதுதான் மாதிரி வெள்ளம். கலிங்கெல்லாம் இதை வச்சுக் கட்டட்டும்."

நாற்பத்திரண்டு வெள்ளம் செய்யவேண்டிய இடத்தில் ஒரே வெள்ளம். மிச்சமான தண்ணீரைக் குடத்தால் கணக்கிட்டுப் பாருங்கள்! ராயப்பராஜுக்கு மேல்பதவிக்குச் சிபாரிசு எழுதப்பட்டது. கருப்பணனுக்கு ஒரு மாலை மிச்சம். கோழி குளத்தை விட்டு இறங்கவேண்டிய அவசியமே வரவில்லை.

எல்லோரும் போனார்கள். பொன்னுத்துரைக்கு மட்டும் வேலை. முதல் நகல் இன்றைக்கே தபாலில் போகவேண்டும். சுருளைப் பிரித்து, மேலே புதிய மெழுகுத் துணியை விரித்து உட்கார்ந்தார். அடியில் கோடு இருந்தது. கை நிற்கவில்லை. கண்ணம்மாள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அவருக்கு ஊட்டாத குறையாக ஒவ்வொரு வாயாகச் சாப்பிடவைத்துக்கொண்டே கோடு ஏறுவதைப் பார்த்தாள். மெல்ல ஏறியது. நிமிர்ந்தது. தலையணைபோல் நீண்டது. மேடு வந்தது. சரிந்தது. சாயங்காலமும் வந்தது.

"கண்ணு வலிக்கலையா ஒங்களுக்கு? குகை மாதிரி இருக்கு. பெரியவுகதான் போயிட்டாகளே, இனிமே தொறந்தா என்ன?"

"கண்ணம்மா, செத்த நேரம்..."

அவர் எழுவதற்குள் அவள் போய்விட்டாள். பழுப்புத் தாளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, ஒரே கிழி. 'சர்ர்.' மஞ்சள் வெயில் அறைக்குள் பாய்ந்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள். திரும்பி மேஜையைப் பார்த்தாள். மறுபடி வெளியே பார்த்தாள்.

பிறகு மேஜைக்கு வந்து, மை காயாத நகலை இரண்டு கையாலும் பூப்போல எடுத்தாள். கொண்டுபோய் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள்.

கச்சிதமாகப் பொருந்தியது. வெயில் சாய்கிற வானத்தில் கறுப்பாகப் படுத்துக்கிடந்தது திண்டுக்கல் மலை. கோடு அதன் மேல் மயிரிழை பிசகாமல் ஏறி, நின்று, இறங்கியது. இருபது வருஷ ஆராய்ச்சி கண்டெடுத்த 'எதிரலை', மலை உச்சியில் இருக்கிற சாமியில்லாத கோயிலின்மேல் போய் ஒழுங்காக உட்கார்ந்தது.

அவள் விரலால் அந்த மேட்டைத் தொட்டாள். "ஏங்க... கோயிலையாவது விட்டுருக்கக்கூடாதா?"

"அடியில இருக்கிறதை விட்டுட்டுப் போட எனக்குத் தெரியாது, கண்ணம்மா."

அவள் நகலைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் சுருட்டி, உறையில் போட்டு, முத்திரை வைத்தார். மீதி நாற்பத்தொன்றையும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட்டார். கலிங்குகளை நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், கல்லிலும் காரையிலும் ஒரு குற்றம் சொல்லமுடியாது. திண்டுக்கல் மலை என்றைக்காவது ஒருநாள் தண்ணீராக இறங்கி வரும் என்று, நாற்பத்திரண்டு கலிங்குகள் அரசாங்க முத்திரையோடு இன்னும் காத்திருக்கின்றன.